அக்கா கையில் சாவி... ஆஸ்திரேலியாவின் விளிம்பு வரை!

ஃப்ரெண்ட்ஸ், 'லாங் டிரைவ்' என்றதும் உங்க மனசுல என்ன ஓடும்? ஈ.சி.ஆர்., கடல் காத்து, நடுவுல ஒரு டீக்கடை... அவ்வளவுதானே? இப்போ அந்த டீக்கடையை அழிச்சிடுங்க. மரங்களை அழிச்சிடுங்க. செல்போன் சிக்னலையும் முக்கால்வாசி அழிச்சிடுங்க. மிச்சம் இருக்கிற ரோடும் கடலும்தான் ஆஸ்திரேலியாவின் தெற்கு ஓரத்தில் இருக்கும் நல்லர்பார்!

போன ஜூன்ல அடிலெய்டில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தோம். அங்கிருந்து அப்பா, அம்மா, அக்கா, நான் என நாலு பேரும் காரில் கிளம்பினோம். ஓட்டியது அக்கா. ட்விஸ்ட் இங்கேதான். அப்பா 28 வருஷம் அரசு பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். எனக்கு 18 வயசு முடிஞ்ச மறுநாளே ஸ்டியரிங்கைக் கையில் கொடுத்தவர், அக்கா கேட்டபோது மட்டும் ''பொம்பளப் புள்ளைக்கு எதுக்கும்மா வண்டி?'' என்று சிரிச்சே மழுப்பியவர். அக்கா லைசென்ஸ் எடுத்தது ஆஸ்திரேலியா போன பிறகுதான்.

முதல் நாள் சுமார் 780 கிலோமீட்டர் ஓட்டி, செடுனா என்ற சின்ன ஊரில் தங்கினோம். வழி முழுக்க அப்பாவின் வலது கால், இல்லாத பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வந்தது!

செடுனாவைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனா, மரங்கள் ஒவ்வொண்ணா டாட்டா காட்டுது. 'நல்லர்பார்' என்றாலே லத்தீனில் 'மரம் இல்லை' என்று அர்த்தம். சுமார் 2 லட்சம் சதுர கிலோமீட்டருக்குச் சுண்ணாம்புப் பாறை. பெய்யுறதே கொஞ்சம் மழை, அதையும் பாறை வெடிப்பு வழியா பூமி குடிச்சிடும். அப்புறம் மரம் எப்படி வளரும்? குட்டிக் குட்டிப் புதர்கள், மஞ்சள் போர்டில் ஒட்டகம், வாம்பட், கங்காரு படம், எப்பவாவது டிரெய்லர்களைக் கோத்துக்கிட்டு உறுமி வரும் 'ரோடு ட்ரெயின்' லாரி. இங்கே ஒரு செம பழக்கம் பாஸ்... எதிர்ல வர்ற டிரைவர் ஸ்டியரிங்ல இருந்து விரலைத் தூக்கி 'ஹாய்' சொல்வார். அக்காவும் சொல்வாள். அப்பா கவனிச்சார். எதுவும் பேசலை.

மதியம், 'ஹெட் ஆஃப் பைட்' என்ற இடம். பாறை உச்சியில் மரப்பலகை நடைபாதை. கீழே எட்டிப் பார்த்தா, குட்டிகளோட திமிங்கிலங்கள்! அண்டார்டிகா பக்கத்துக் குளிர்கடலில் இருந்து குளிர்காலத்தில் குட்டி போட இங்கே வருது 'சதர்ன் ரைட்' திமிங்கிலம். மெதுவா நீந்தும், செத்தாலும் மிதக்கும். அதனால வேட்டைக்குச் 'சரியான' திமிங்கிலம் என்று வெச்ச பேர்தான் 'ரைட்'. வேட்டையாடிக் கிட்டத்தட்ட தீர்த்தே கட்டிட்டாங்க. இப்போ சட்டப் பாதுகாப்பு இருக்கு. குட்டிக்குப் பால் கொடுக்கும் இந்த மாசங்களில் தாய் பெரும்பாலும் பட்டினிதான் என்று அக்கா சொன்னதும், ''எல்லா ஊர்லயும் இதே கதைதானா?'' என்றார் அம்மா.

சாயங்காலம் நல்லர்பார் ரோடு ஹவுஸ். பெட்ரோல் பங்க், சாப்பாடு, ரூம் எல்லாம் அந்த ஒரே இடத்தில்தான். அடுத்த பெட்ரோல் பங்குக்கு 180 கிலோமீட்டருக்கு மேல.

''ரெண்டு மணி நேரம்தானே? போயிடலாம்'' என்றார் அப்பா.

''வேணாம்ப்பா. இருட்டினா கங்காரு ரோட்டுக்கு வந்துடும். நான் ஓட்ட மாட்டேன்.''

''நான் ராத்திரி சர்வீஸ்லயே காலத்தை ஓட்டினவன். சாவியைக் குடு.''

அக்கா சாவியை ஹேண்ட்பேக்கில் போட்டு ஜிப்பை மூடினாள். ''இந்த ரோடு எனக்குத் தெரியும்ப்பா. தர மாட்டேன்.''

எங்க வீட்டில் அப்பாவிடம் அந்த வார்த்தையை அதுவரைக்கும் யாரும் சொன்னதில்லை. அன்னிக்கு ராத்திரி சாப்பாட்டில் ஸ்பூன் சத்தம் மட்டும்தான்.

காலையில் வெளியே வந்தா, ரோடு ஹவுஸ் வாசலில் ஒரு கார். முன்பக்கம் நசுங்கி, ரேடியேட்டர் ஒழுகி, கிரில்லில் ரோமம் ஒட்டியிருந்தது. ஓட்டி வந்தவர் பெஞ்சில் கம்பளியைப் போர்த்திக்கிட்டு உட்கார்ந்திருந்தார். நல்லவேளை, அடி இல்லை. அப்பா அந்தக் காரைக் குனிஞ்சு ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் எங்க காரைச் சுத்தி வந்தார்.

''டயர்ல காத்து பார்த்துட்டியாம்மா?''

''பார்த்துட்டேன்ப்பா.''

''சரி... போ.''

அரை மணி நேரத்தில் ஒரு அதிசயம். அப்பா தூங்கிட்டார்! அடுத்தவங்க வண்டி ஓட்டும்போது அவர் கண்ணை மூடி நான் பார்த்ததே இல்லை.

''அப்பா, எழுந்திருங்க. கடல் வந்தாச்சு'' என்று அக்காதான் எழுப்பினாள்.

புண்டா கிளிஃப்ஸ். ஒரு கண்டத்தை யாரோ கத்தியால் வெட்டி எடுத்த மாதிரி நிலம் டக்குனு முடியுது. மேலே பழுப்பு, கீழே வெள்ளை... எல்லாம் ஒரு காலத்தில் கடலுக்கடியில் கிளிஞ்சல் சேர்ந்து உருவான பாறை. 60 மீட்டருக்கும் மேல் உயரம். சில இடங்களில் 100 மீட்டரையும் தாண்டும். தெற்கே பார்த்தா, அண்டார்டிகா வரைக்கும் வெறும் தண்ணி. காத்து ஆளையே தள்ளுது. செல்ஃபி மோகத்தில் விளிம்புக்குப் போயிடாதீங்க மக்களே, கீழ்ப்பக்கத்தை அலை குடைஞ்சிருக்கும்!

1841-ல் இந்த வறண்ட கடலோரத்தைக் கடந்தவர் எட்வர்ட் ஜான் அயர் என்ற ஆங்கிலேயர். 1976-ல் முழுசா தார் போட்டு முடிச்ச இந்த ரோட்டுக்கு 'அயர் ஹைவே' என்று அவர் பேர்தான். ஆனா மணலில் எங்கே தோண்டினா தண்ணி கிடைக்கும் என்று காட்டியவங்க இந்த மண்ணின் பழங்குடி மக்கள். கடைசி வரைக்கும் அவரோட நடந்தவர் வைலி என்ற பழங்குடி இளைஞர். ரோட்டுக்கு வெச்ச பேரில் அவங்க யாரும் இல்லை.

திரும்பும்போது எதிரில் ஒரு ரோடு ட்ரெயின். அக்கா விரலைத் தூக்கினாள். பக்கத்து சீட்டில் அப்பாவும் கையைத் தூக்கினார். ''எம் பொண்ணு ஓட்டுறா'' என்று அந்த லாரிக்காரருக்குச் சொன்ன மாதிரி இருந்தது எனக்கு.

நல்லர்பார் போக வேளை வரும்போது வரட்டும் ஃப்ரெண்ட்ஸ். அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி... உங்க வீட்டு வண்டிச் சாவி இன்னும் யார் கைக்குப் போகலை?