ஷிஃப்டை விட்டு வந்த கதையில் நான் சொல்லாமல் விட்டது

போன மாதம் ஒரு மாணவர் பயிற்சி முகாம். மதியச் சாப்பாடு முடிந்ததும் ஒரு தம்பி தனியாக வந்து கேட்டான். "அண்ணா, நீங்க கம்பெனி வேலைய விட்டுட்டுதான் எம்.ஏ. சேர்ந்தீங்களாமே. நானும் டிகிரி முடிச்சிட்டு ஒரகடத்துல ஷிஃப்ட்டு போயிட்டு இருக்கேன். விட்டுட்டு மேல படிக்கலாம்னு இருக்கு. உங்களுக்கு எப்படிண்ணா தைரியம் வந்துச்சு?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் தயாராக ஒரு பதில் உண்டு. அண்ணலைப் படித்தேன், வேலையை உதறினேன், படித்து முன்னேறினேன். மேடையில் சொன்னால் கைதட்டுவார்கள். அந்தத் தம்பியின் கண்கள் இரவு ஷிஃப்ட் முடித்தவனுடைய கண்களாக இருந்தன. அவனிடம் அந்தப் பதிலைச் சொல்ல வாய் வரவில்லை. அன்று பாதி சொன்னேன். மீதியை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் செய்யாறு பக்கம். பி.ஏ. முடித்ததும், 2011-ல், அக்கா கல்யாணக் கடனுக்காக ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனியில் சேர்ந்தேன். சேர்த்துவிட்டது லேபர் காண்ட்ராக்டர். மாதம் 7,500 ரூபாய். ஏ ஷிஃப்ட் காலை 6 மணிக்கு. கம்பெனி பஸ் நாலே காலுக்கே ஊர்த்தெரு முனைக்கு வந்துவிடும். காலனிக்குள் வராது. இருட்டில் ஒன்றரை கிலோமீட்டர் நடப்போம். நிரந்தரத் தொழிலாளிக்கு நீலச் சட்டை, எங்களுக்குச் சாம்பல் சட்டை. ஒரே மெஷின், ஒரே டார்கெட், சம்பளம் மட்டும் மூன்றில் ஒரு பங்கு. சேர்ந்த முதல் வாரத்திலேயே சூப்பர்வைசர் கேட்டார், "எந்த ஊரு?" சொன்னேன். "ஊரா, காலனியா?" என்றார். அந்த ஒரு கேள்வியில் யாருக்கு எந்த வேலை என்பது முடிவாகிவிட்டது. கூலன்ட் தொட்டி கழுவுவது, இரும்புச் சீவல் அள்ளுவது எல்லாம் எங்கள் பக்கம் வந்தது. நவீன ஆலைக்குள் சாதி இருக்காது என்று நம்புகிறவர்கள் ஒரு சி ஷிஃப்ட் உள்ளே வந்து பார்க்க வேண்டும்.

2014 பிப்ரவரியில் ஒரு இரவு, கழிவறைக்குப் பின்னால் இருந்த செப்டிக் டேங்க் அடைத்துக்கொண்டு பொங்கியது. சூப்பர்வைசர் லைனைப் பார்த்தார். என்னையும் என் நண்பனையும் கைகாட்டினார். பாதுகாப்புக் கருவி எதுவும் இல்லாமல் செப்டிக் டேங்கைச் சுத்தம் செய்ய ஆளை இறக்குவது சட்டப்படி குற்றம். மனிதக் கழிவகற்றும் பணிக்கான தடைச் சட்டம் அமலுக்கு வந்தது 2013 டிசம்பர் 6. அண்ணலின் நினைவு நாள். இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. எனக்கு அப்போது சட்டமெல்லாம் தெரியாது. மானம் மட்டும் தெரிந்தது. "என்னால முடியாது சார்" என்றேன். "அப்போ நாளைக்கு வராத" என்றார்.

இதுவரைக்கும் நான் மேடையில் சொல்லியிருக்கிறேன். பிறகு நடந்ததைச் சொன்னதில்லை. என் நண்பன் என்னைத் தள்ளி நிறுத்தினான். "நீ மேல படிக்கணும் பங்காளி. ஜூன் வரைக்கும் சம்பளம் வேணும். இரு" என்று சொல்லிவிட்டு, இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு அவன் இறங்கினான். நான் மேலே நின்று கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவனுக்கு 300 ரூபாயும் ஒரு நாள் லீவும் கொடுத்தார்கள். மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தான். என் வேலை தப்பியது. அந்த மூன்றரை மாதச் சம்பளத்தில்தான் கடனின் கடைசித் தவணை அடைந்தது, கல்லூரி விண்ணப்பம் போட்டேன். அதே சூப்பர்வைசருக்குத் தினமும் வணக்கம் வைத்தேன்.

ஆகவே தம்பி, தைரியம் எப்படி வந்தது என்று கேட்டால், அதில் பெரும்பங்கு கடன் வாங்கியது. நண்பனிடமிருந்து வாங்கியது. ஆதிதிராவிடர் நலத்துறை விடுதியில் ஒரு பாயும் மூன்று வேளைச் சோறும் கிடைத்தன. கல்வி உதவித்தொகை தாமதமாகவாவது வந்தது. இவை யாரும் போட்ட பிச்சை இல்லை. நமக்கு முன்னால் இருந்தவர்கள் போராடி வாங்கி வைத்தது. இதில் ஒன்று இல்லாமல் போயிருந்தாலும் நான் திரும்ப அந்த நாலே கால் பஸ்ஸில்தான் ஏறியிருப்பேன்.

நீயும் விட்டு வா. தயங்காதே. ஆனால் கோபத்தில் ஒரு நாள் திடீரென்று நின்றுவிடாதே. நான் செய்த தப்பு அது. கடைசி மாதச் சம்பளம் போனது. பி.எஃப். பணத்துக்கான படிவம் 19, 10சி இரண்டிலும் கையெழுத்து வாங்க காண்ட்ராக்டர் ஆபீசுக்கு ஏழு தடவை நடந்தேன். 30 ஆயிரத்துச் சொச்சம் கைக்கு வர ஆறு மாதம் ஆனது. நீ கிளம்பும் முன்பே சம்பளச் சீட்டு, யுஏஎன் எண், இ.எஸ்.ஐ. அட்டை, அடையாள அட்டையின் நகல் எல்லாவற்றையும் எடுத்து வை. வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கு. ஓவர்டைம் பார்த்த நாட்களை ஒரு நோட்டில் குறித்து வை. 1948 தொழிற்சாலைகள் சட்டத்திலேயே ஓவர்டைமுக்கு இரட்டைக் கூலி என்று இருந்தது. மூன்று வருஷத்தில் ஒரு நாள்கூட எங்களுக்கு அப்படிக் கொடுக்கவில்லை. எங்களிடம் குறிப்பு இல்லாததால் கேட்கவும் முடியவில்லை.

என் நண்பன் இன்னும் அங்கேதான் இருக்கிறான். இடையில் காண்ட்ராக்டர் பெயர் மூன்று முறை மாறியது. ஒவ்வொரு முறையும் புதிதாகச் சேர்ந்ததாகத் தேதி போட்டார்கள். 1972 பணிக்கொடைச் சட்டம் கேட்ட 5 தொடர் ஆண்டுகள் காகிதத்தில் சேரவே இல்லை. அதே கேட், அதே லைன், அதே சாம்பல் சட்டை. தனியார் கம்பெனியில் இடஒதுக்கீடு கிடையாது என்பார்கள். அழுக்கு வேலையில் மட்டும் நமக்கு நூறு சதவீதம் இருக்கிறது. என்னைப் போல ஒருவன் வெளியே வந்ததால் அந்த இடம் காலியாக இல்லை. அடுத்த வாரமே காலனியிலிருந்து இன்னொரு பையனை ஏற்றிக்கொண்டு போனது பஸ்.

முகாம் முடிந்த அன்று இரவு அவனுக்குப் போன் செய்தேன். தொட்டி விஷயத்தை எழுதலாமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "எழுது. நீ வெளிய வந்ததையே எல்லா இடத்துலயும் சொல்ற. நான் உள்ள இறங்கினதையும் ஒரு தடவ சொல்லு" என்றான்.

சொல்லிவிட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பழைய சம்பளச் சீட்டுகளை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்து வருவதாகச் சொல்லியிருக்கிறான். காண்ட்ராக்டர் பெயர்கள் மாறினாலும் வேலை ஒன்றே என்று காட்ட முடியுமா என்று ஒரு வழக்கறிஞர் தோழரோடு உட்காரப் போகிறோம். அவனோடு அதே லைனில் இருந்து இன்னும் நான்கு பேர் வருகிறார்கள். அந்தத் தம்பியையும் அழைத்திருக்கிறேன். ஏ ஷிஃப்ட் முடித்துவிட்டு வருகிறேன் என்றான்.

ஜெய்பீம்.