கோலகங்சாரில் ஒரு பழைய டயர்

"நாளைக்குக் கோலகங்சார் போலாமாம்மா? அங்கே ரொம்பப் பழைய ரப்பர் மரம் ஒன்னு இருக்கு."

வெள்ளிக்கிழமை இரவு வானொலி நிகழ்ச்சி முடிந்து வீடு திரும்பியதும் கேட்டேன். அம்மா சிரித்தார். "நான் பார்க்காத ரப்பர் மரமா?" மறுநாள் காலையில் எனக்கு முன்னதாகவே கிளம்பி நின்றார்.

அம்மா பதினாறு வயதில் உளி பிடித்தவர். விடியுமுன் பெரட்டு, பிறகு நிரையில் மரம் மரமாய் ஓட்டம். தோட்டம் கைமாறி, லயத்து வீடுகள் இடிபட்டு, அந்த இடத்தில் வீடமைப்புப் பகுதி வந்து பல வருடங்கள் ஆகின்றன. அதன் பிறகு ரப்பர் காட்டுப் பக்கம் அவர் போனதில்லை. நானும் வற்புறுத்தியதில்லை.

கோலாலம்பூரிலிருந்து வடக்கு நோக்கிய நெடுஞ்சாலையில் ஈப்போவைத் தாண்டினால் கோலகங்சார் தூரமில்லை. மரம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. பிரேசிலில் எடுத்த விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைவிட்டு, 1877-இல் 22 கன்றுகளாகச் சிங்கப்பூர் வந்தன. அந்த வழியில் வந்து இங்கே நடப்பட்டவற்றில் மிஞ்சியது இது. அம்மா அண்ணாந்து பார்த்தபடி வெகுநேரம் நின்றார்.

"இவ்ளோ பெருசா வளர விடமாட்டாங்க. பால் குறைஞ்சா வெட்டிடுவாங்க" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை.

அன்றைய நாளின் முக்கியமான பேச்சு மரத்தடியில் நடக்கவில்லை. டயர் கடையில் நடந்தது. ஆற்றோரம் லக்சா சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது காரின் பின்சக்கரத்தில் ஆணி. பக்கவாட்டில் கிழிந்திருந்ததால் ஒட்ட முடியாது என்றார் கடைக்கார மலாய் இளைஞர். புது டயர் மாட்டிவிட்டுப் பழையதைக் கடைக்குப் பின்னால் உருட்டினார். அங்கே ஒரு குவியலே கிடந்தது.

அம்மாவுக்கு மனசு பொறுக்கவில்லை. "எங்க காலத்துல ஒட்டுப்பாலைக்கூட விடமாட்டோம். கோட்டுல காஞ்சது, மங்குல ஒட்டுனது எல்லாத்தையும் பிச்சு எடுத்து நிறுத்துக் காசாக்குவோம். இதை ஏம்மா உருக்கி மறுபடி டயர் செய்யக் கூடாது?"

நான் படித்தது ஊடகவியல். வேதியியல் ஐந்தாம் படிவத்தோடு சரி. ஆனால் ஒரு நிகழ்ச்சிக்காக இதே கேள்வியின் பின்னால் சில வாரங்கள் அலைந்திருக்கிறேன். கடை வாசல் பெஞ்சில் உட்கார்ந்து எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

பாலில் அமிலம் ஊற்றினால் உறைகிறது என்பது அம்மாவுக்குக் கைப்பழக்கம். அப்படி உறையும்போது ரப்பரின் நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் ஒன்றோடொன்று நெருங்கிப் பின்னிக்கொள்கின்றனவே தவிர, முடிச்சு விழுவதில்லை. அதனால்தான் பச்சை ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். 1839-இல் அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் அதில் கந்தகம் சேர்த்துச் சூடாக்கினார். கந்தக அணுக்கள் ஒரு சங்கிலிக்கும் அடுத்த சங்கிலிக்கும் இடையே பாலம் போட்டன. இழுத்தாலும் பழைய உருவத்துக்குத் திரும்பும், வெயில் மழை தாங்கும் ரப்பர் பிறந்தது. அந்த ரப்பருக்கு உலகம் அலைந்ததால்தான் நம் பாட்டன் பூட்டன் இங்கே கப்பலில் வந்து காடு திருத்தினார்கள்.

"அப்போ நல்லதுதானே?"

நல்லதுதான். சிக்கலும் அதேதான். ஆற்றுக்கு அக்கரையில் சாயோங் கிராமம். கறுப்பு நிற 'லாபு சாயோங்' தண்ணீர்க் குடுவைக்குப் பேர்போன இடம். களிமண்ணாய் இருக்கும்வரை தண்ணீர் விட்டு மறுபடி பிசையலாம். சூளையில் வெந்த பிறகு உடைத்துத் தூளாக்கலாம், களிமண்ணாக்க முடியாது. டயரும் வெந்த குடுவைதான். மேலும் சூடாக்கினால் உருகாது. பாலங்களோடு சங்கிலிகளும் சேர்ந்து சிதையும். அரைத்துப் பொடியாக்கிச் சாலைத் தாரிலும் விளையாட்டுத் திடலிலும் போடுகிறார்கள். ஆனால் அந்தப் பொடியிலிருந்து முதல் தரமான புது டயர் எளிதில் பிறப்பதில்லை.

"கட்டத் தெரிஞ்சவங்களுக்கு அவுக்கத் தெரியலையா?" என்றார் அம்மா.

வேதியியலாளர்களும் இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். வண்டி ஓடும்போது பிடியை விடாமலும், வேலை முடிந்து நாம் சொல்லும்போது விடும்படியும் ஒரு பிணைப்பு வேண்டும்.

அம்மாவுக்குப் புரியவைக்கப் பின்னல் கோலாட்டம் கைகொடுத்தது. தோட்டத்துக் கோயில் திருவிழாவில் அவரே ஆடியிருக்கிறார். கம்பத்திலிருந்து தொங்கும் கயிறுகளைப் பிடித்துக்கொண்டு உள்ளும் புறமுமாகச் சுற்றி ஆடினால் சடை பின்னும். அதே ஆட்டத்தைத் திருப்பி ஆடினால் பின்னல் பிரியும், கயிறு அறுவதில்லை. 2002-இல் கலிபோர்னியாவில் ஓர் ஆய்வுக்குழு செய்த பிளாஸ்டிக் இந்த வகை. ஃபியூரான், மேலிமைடு என்ற இரண்டு மூலக்கூறுத் துண்டுகள் மிதமான சூட்டில் கைகோக்கும்; 120 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேறினால் கையை விடும்; ஆறினால் மறுபடி கோத்துக்கொள்ளும். விரிசல் விட்ட இடமே மீண்டும் ஒட்டிக்கொண்டது.

இன்னொரு வழியும் உண்டு. வட்டக் கோலாட்டத்தில் ஜோடி மாறிக்கொண்டே இருக்கும், ஆனால் வட்டம் கலையாது. 2011-இல் பாரிஸில் லுட்விக் லைப்லர் குழுவினர் அறிவித்த 'விட்ரிமர்' இப்படித்தான். சூட்டில் பிணைப்புகள் இடம் மாறுகின்றன, எண்ணிக்கை குறைவதில்லை. அதனால் பொருள் கரையாமல், கண்ணாடிபோல் மெல்ல இளகி வேறு உருவம் எடுக்கும்.

அம்மாவை நிமிர வைத்தது அடுத்த செய்தி. மலேசிய ரப்பர் ஆய்வாளர்கள் வளர்த்தெடுத்த ஒரு வகை உண்டு. எபாக்சி ஏற்றிய இயற்கை ரப்பர். 2015-இல் அதே பாரிஸ் குழு அந்த ரப்பரை, இரண்டு கந்தக அணுக்கள் ஜோடியாக நிற்கும் பாலங்களால் பிணைத்துப் பார்த்தது. சாதாரண வெப்பத்தில் அது வழக்கமான ரப்பர். நன்றாகச் சூடேற்றினால் கந்தக ஜோடிகள் துணை மாற்றிக்கொள்ளும். அரைத்த துண்டுகளை அச்சில் வைத்து அழுத்தினால் மீண்டும் ஒரே ரப்பராகிவிடும். வழியடைத்த கந்தகமே வழிவிடவும் செய்கிறது.

"அப்போ இந்த டயர்?"

இந்த டயருக்கு இல்லை. நாம் சாலையில் பார்க்கும் டயர்கள் பழைய முறையில் வெந்தவை. புது முறை வருவதிலும் தடை உண்டு. ஓடும் டயர் தானே சூடாகும். பிணைப்பு அவசரப்பட்டுக் கையை விட்டால் பாரம் தாங்காமல் உருவம் குலையும். பிடிவாதமாக இருந்தால் மறுபடி வார்க்க முடியாது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் தேடுகிறார்கள்.

அம்மா எழுந்து கடைக்குப் பின்னால் போனார். முந்தின நாள் மழையின் தண்ணீர் டயர்களுக்குள் தேங்கிக் கிடந்தது. உற்றுப் பார்த்தால் புழுக்கள் நெளிந்தன. போன வருடம் என் அக்கா மகன் டெங்கியில் ஆறு நாள் மருத்துவமனையில் கிடந்தான். எல்லாரும் பயந்துபோனோம். அம்மா அதை மறக்கவில்லை.

குனிந்து ஒரு டயரைப் பிடித்துச் சாய்த்தார். தண்ணீர் கொட்டியது. அடுத்ததையும் சாய்த்தார். "அண்ட்டி, விடுங்க, நான் செய்றேன்" என்று மலாயில் பதறியபடி கடைக்காரர் ஓடி வந்தார். மூவருமாகச் சேர்ந்து கால் மணி நேரத்தில் முடித்தோம். இனி கூரைக்கு அடியில் அடுக்கி வைப்பதாகச் சொன்னார்.

காரில் ஏறியதும் கைகளைத் துடைத்துக்கொண்டே அம்மா சொன்னார்: "பால் எடுத்ததும் மங்கைக் கவுத்து வைக்கணும், மழைத் தண்ணி நிக்கக் கூடாது. எங்கம்மா முதல் நாளே சொல்லிக் கொடுத்தது."

ஈப்போ வரும்வரை தோட்டத்துக் கதைகள் சொன்னார். பலவற்றை நான் முதல் முறையாகக் கேட்டேன்.

இன்று ஞாயிறு. உங்கள் வீட்டுப் பின்புறத்தில் பழைய டயர் கிடந்தால், நாளிதழை மடித்து வைத்துவிட்டு ஒரு முறை போய்ச் சாய்த்துப் பாருங்கள்.