கேட்காமல் செய்த உபகாரம்

பிறருக்கு உபகாரம் செய்ய வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் உண்டு. கதை எழுதுகிறவனுக்கு அது கொஞ்சம் அதிகம். கதையில் யாருடைய தலைவிதியையும் ஒரு வரியில் மாற்றிவிடலாம். அந்தப் பழக்கம் வாழ்க்கையிலும் தொற்றிக்கொள்கிறது. அப்படி நான் செய்த ஓர் உபகாரத்தைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு நாள் காலை, புதுக்கோட்டைப் பேருந்து நிலையத்தில் அறந்தாங்கி பஸ்ஸுக்காகக் காத்திருந்தேன். மணி பத்தரை இருக்கும். எட்டு வயசு மதிக்கத்தக்க ஒரு நரிக்குறவர் வீட்டுப் பெண் குழந்தை, கை நிறையப் பாசிமணி மாலைகளுடன் பிரயாணிகள் முன்னால் வந்து வந்து நின்றாள். பள்ளிக்கூட நேரத்தில் ஒரு குழந்தை இப்படி அலைவதா என்று எனக்கு மனசு பொறுக்கவில்லை. 1098-க்குப் போன் செய்து விவரம் சொன்னேன். பஸ் வந்தது. பெரிய காரியம் செய்துவிட்ட திருப்தியோடு ஏறி உட்கார்ந்தேன்.

இரவு சாப்பிடும்போது மனைவியிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். அவள் மோர் ஊற்றிக்கொண்டே, "அந்தக் குழந்தையோட அம்மாவை ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றாள்.

"கேட்க என்ன இருக்கு?" என்றேன்.

பத்து நாள் கழித்து மறுபடி அதே பேருந்து நிலையம். ஒரு தூண் ஓரமாக அந்தத் தாய் உட்கார்ந்திருந்தாள். எதிரில் மணிகளும் இல்லை, ஊசியும் இல்லை. "பிள்ளையைப் பிடிச்சுட்டுப் போயிட்டாங்க சார். தினமும் இங்கேயே வந்து உட்கார்ந்துடுது" என்றார் டீக்கடைக்காரர். நான் "காப்பாற்றினேன்" என்று நினைத்துக்கொண்டிருந்த காரியத்துக்கு அவர் வைத்த பெயர் "பிடிப்பது."

அப்போதுதான் அவளருகே போய், "ஏம்மா, பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பலையா?" என்று கேட்டேன்.

"எங்க கெழவி செத்துப் போச்சு சாமி. அது இருந்தவரைக்கும் இவ பள்ளிக்கூடம் போனவதான். நாங்க யாவாரத்துக்குப் போனா வீட்டுல பார்த்துக்க இப்ப ஆளு யாரு?"

அன்றைக்கே நான் கேட்டிருந்தால் அன்றைக்கே கிடைத்திருக்கக்கூடிய பதில் இது.

குழந்தையைத் திரும்பப் பெற, அவள் தன் பிள்ளைதான் என்று தாய் காகிதத்தில் நிரூபிக்க வேண்டியிருந்தது. பிறப்புச் சான்றிதழ் இல்லை. அவளோடு நானும் அலைந்தேன். மூன்றாவது வாரத்தில் குழந்தை வந்தாள். தலைமுடி ஒட்ட வெட்டப்பட்டிருந்தது. கழுத்தில் மணி இல்லை. என்னைப் பார்த்ததும் தாயின் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

பழைய சங்கதி ஒன்று அப்போது நினைவுக்கு வந்தது. 1871-ல் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911-ல் சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துச் சீர்திருத்தப் பள்ளிகளில் வைக்கவும் அது அதிகாரம் தந்தது. 1952-ல்தான் நாடு முழுவதும் ஒழிந்தது. அதை எழுதியவர்களும் குழந்தைகளின் நன்மைக்காக என்றுதான் சொல்லிக்கொண்டார்கள்.

கடல் தாண்டி ஆஸ்திரேலியாவிலும் இதே கதை. 1910-க்கும் 1970-க்கும் இடையில், பூர்வகுடிக் குழந்தைகளில் பத்தில் ஒருவர் முதல் மூவரில் ஒருவர் வரை குடும்பத்தைவிட்டுப் பிரிக்கப்பட்டதாக 1997-ல் வெளிவந்த விசாரணை அறிக்கை கணக்கிட்டது. 2008 பிப்ரவரி 13 அன்று பிரதமர் கெவின் ரட் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். மன்னிப்போடு விஷயம் முடிந்துவிடவில்லை. இன்றும் அங்கே குடும்பத்துக்கு வெளியே வளர்க்கப்படும் குழந்தைகளில் ஐந்தில் இரண்டு பேருக்கு மேல் பூர்வகுடிகள். மொத்தக் குழந்தைகளில் அவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. பிரித்தே ஆக வேண்டுமென்றால் முதலில் உறவினர், அடுத்துச் சொந்தச் சமூகம், வேறு வழியே இல்லாவிட்டால்தான் மற்றவர் என்ற வரிசைக்காக அந்த மக்கள் வெகுகாலமாகப் போராடி வருகிறார்கள்.

இல்லங்களே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இந்தப் புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1930-ல் சென்னையில் அவ்வை இல்லத்தைத் தொடங்கினார். பொட்டுக் கட்டிக்கொள்ள மறுத்த பெண்களுக்குப் போக்கிடம் இல்லாதிருந்த காலம் அது. அவர்களுக்கு வீடே ஆபத்தாக இருந்தது. பாசிமணிக் குழந்தைக்கு வீடு ஆபத்தில்லை. வீட்டில் ஆள் இல்லை, பணம் இல்லை. கொடுமையையும் வறுமையையும் ஒரே தராசில் போட்டு நிறுத்தால், ஏழைகளின் பிள்ளைகள்தான் பறிபோவார்கள்.

நம் சட்டம் இதை அறியாததல்ல. 2015-ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டம், குழந்தையை வளர்க்கும் முதல் பொறுப்பு குடும்பத்துக்கே என்கிறது. இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழி என்கிறது. வறுமையில் வாடும் குடும்பத்தோடு குழந்தை இருக்க மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகையும் மத்திய அரசின் 'மிஷன் வாத்சல்யா' திட்டத்தில் இருக்கிறது. 2023-ல் நரிக்குறவர்கள் பழங்குடியினர் பட்டியலிலும் சேர்க்கப்பட்டார்கள். ஆனால் கடைசி வழி முதல் வழியாகிவிடுவது சுலபம். குழந்தையைக் கொண்டுபோக ஒரு போன் போதும். உதவித்தொகைக்கு எத்தனை காகிதம்! இந்த வரிசையைத்தான் மாற்ற வேண்டும். பிரிப்பதற்கு முன் தாயைக் கேட்க வேண்டும். அவர்கள் சமூகத்துப் பெரியவர் ஒருவரையாவது பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டும். உதவியை முதலில் கொடுத்துவிட்டுச் சான்றிதழைப் பிறகு கேட்கலாம்.

இப்போது அந்தக் குழந்தை, தன் சித்தி வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போகிறாள். அப்படி ஒரு சித்தி இருப்பதைக்கூட அதற்கு முன் யாரும் விசாரிக்கவில்லை. அலைந்ததற்கு நன்றியாக, "சாமி நல்லா இருக்கணும்" என்று அந்தத் தாய் கையெடுத்துக் கும்பிட்டாள். அன்று போன் செய்தவன் நான்தான் என்று அவளிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

அவள் படிக்கத் தெரியாதவள். ஆனால் மகள் படிக்கிறாள். என்றைக்காவது இது அவள் கண்ணில் படட்டும் என்றுதான் எழுதி வைக்கிறேன்.