எழுத்தை வரைந்த கைகள்

அரசாங்கம் நமக்கு இட்ட பதவிப் பெயர் எழுத்தர். 2003-ஆம் ஆண்டில் மத்திய அரசுப் பணியேற்று மும்பைக்கு வந்த நாள்முதல் நமது வாழ்க்கை எழுத்தோடுதான். அலுவலகத்தில் கோப்புகளுக்குக் குறிப்பெழுதுகிறோம்; கடிதங்களுக்கு வரைவெழுதுகிறோம். மாலையில் வீடு திரும்பினால் தமிழ்ச் சங்கத்தின் கூட்ட அறிவிப்பும் சுற்றறிக்கையும் காத்திருக்கும். இவ்வாறு இருபது ஆண்டுகளுக்கு மேலாக எழுத்தைக் கொண்டே பிழைத்து வந்த நாம், அந்த எழுத்துக்கு வடிவம் தந்த கை யாருடையது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அப்படிக் கேளாதிருந்தது அறியாமை மட்டுமன்று, ஒருவருக்கு நாம் இழைத்த தவறுமாகும் என்பதைச் சென்ற ஆண்டுதான் உணர்ந்தோம். அதனைச் சங்கத்து அன்பர்களிடம் மறையாது கூறிவிடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆண்டு விழாவில் வாழ்நாள் சாதனையாளர் ஒருவருக்குப் பொன்னாடை போர்த்திப் பாராட்டிதழ் வழங்குவது நமது சங்கத்தின் வழக்கம். பேராசிரியர், இசைவாணர், மருத்துவர், தொழிலதிபர், சொற்பொழிவாளர் எனப் பலரும் அச்சிறப்பைப் பெற்றுள்ளனர். சென்ற ஆண்டுக் குழுக் கூட்டத்தில் இளம் உறுப்பினர் ஒருவர் எழுந்து, "இவ்வாண்டு நம் அண்ணாச்சியைப் பாராட்டினால் என்ன?" என்று கேட்டார். கூட்டத்தில் சற்று நேரம் பேச்சில்லை.

அண்ணாச்சியை அறியாத தமிழர் நம் வட்டாரத்தில் இலர். 1970-களில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து பம்பாய்க்கு வந்தவர். தாராவியிலும் மாதுங்காவிலும் ஒரு காலத்தில் தமிழில் விளங்கிய கடைப் பலகைகளுள் பல அவர் கைவண்ணம். மளிகைக் கடை, இட்லிக் கடை, அம்மன் கோயில், திருமணப் பந்தல், தேர்தல் சுவர், எதற்கும் அவரே எழுதினார். சுண்ணப்பொடி தடவிய நூலைச் சுவரில் இழுத்துப் பிடித்துச் சுண்டுவார்; விழுந்த கோட்டின்மேல் எழுத்துகள் அணிவகுத்து நிற்கும். நம் சங்க மலரின் முகப்பெழுத்தும் ஆண்டுதோறும் அவர் எழுதித் தந்ததே.

இவ்வளவும் அறிந்திருந்தும் அக்கூட்டத்தில் மறுத்துப் பேசியவர் நாமேதாம். "ஓவியர் என்றாலும் பரவாயில்லை, இவர் போர்டு எழுதுபவர். கூலி பெற்றுக்கொண்டு செய்த வேலைக்குப் பொன்னாடை போர்த்தினால், நாளை நாம் யாருக்குத்தான் போர்த்தாமலிருக்க முடியும்?" என்றோம். நமது சொல் நியாயமாகவே மற்றவர்க்குப் பட்டிருக்க வேண்டும். முடிவு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

வீட்டுக்கு வந்து இதனை நம் மகளிடம் கூறினோம். அவள் இந்நகரத்துக் கலைக்கல்லூரி ஒன்றில் வடிவமைப்புப் பயில்கிறாள். அப்படிப்பில் அவள் சேர விரும்பியபோது நாம் மனமுவந்து இசையவில்லை. "பி.காம். படித்தால் வங்கித் தேர்வு எழுதலாமே. படம் வரைந்து எப்படிப் பிழைப்பாய்?" என்று ஆறு மாதம் வாதிட்ட பின்னரே இணங்கினோம். அந்த வடு அவள் மனத்தில் இருந்திருக்கும் போலும்.

"சென்ற முறை பொன்னாடை பெற்றவர் கச்சேரிக்குப் பணம் வாங்காமலா பாடினார் அப்பா?" என்று கேட்டாள். நமக்கு விடை தோன்றவில்லை. அவள் மேலும், "சங்கத்து அறிவிப்பைக் கணிப்பொறியில் தட்டுகிறீர்களே, அந்த எழுத்தின் பெயர் என்ன?" என்றாள்.

"லதா" என்றோம். அலுவலகத்தில் இந்திக்கு 'மங்கள்', வீட்டில் தமிழுக்கு 'லதா'. மத்திய அரசு எழுத்தர் எவருக்கும் மங்களைத் தெரியாமலிராது. இந்தித் தட்டெழுத்துத் தேர்வென்றால் அந்தப் பெயரும் உடன் வரும்.

"அந்த இரண்டையும் வரைவித்தவர் யார்?"

ஏதோ ஓர் அயல்நாட்டு நிறுவனத்து இயந்திரம் வரைந்திருக்கும் என்றே அதுவரை எண்ணியிருந்தோம். அவள் அன்றிரவு நமக்குச் சொல்லித் தந்த பெயர் ரகுநாத் கிருஷ்ண ஜோஷி என்பது. ஆர். கே. ஜோஷி என்றால் எழுத்துக்கலை வட்டாரத்தில் அறியாதார் இல்லையாம். 1936-இல் பிறந்த மராட்டியர், கவிஞர், தூரிகை எழுத்தில் வல்லவர். உல்கா விளம்பர நிறுவனத்தில் பல்லாண்டுகள் கலை இயக்குநராக இருந்தவர். பின்னர், பவாயிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1969-இல் தொடங்கப்பெற்ற தொழில் வடிவமைப்பு மையத்தில் பேராசிரியராக அமர்ந்து, இந்திய எழுத்துகளின் அழகையும் இலக்கணத்தையும் மாணாக்கர்க்குப் போதித்தவர். அதன் பின்னரும் ஓய்ந்திராமல், ஜுஹூவிலிருந்த தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையத்தில் இந்திய மொழிகளின் எழுத்துருக்களை உருவாக்கும் பணிக்குத் தலைமை தாங்கினார். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 'விண்டோஸ் 2000' என்பதை வெளியிட்டபோது, தேவநாகரிக்கு மங்களும் தமிழுக்கு லதாவும் அதனுள் அமைந்து வந்தன. தெலுங்கு, கன்னடம், குஜராத்தி, பஞ்சாபி முதலியவற்றின் எழுத்துகளும் அவ்வாறே அவர் மேற்பார்வையில் உருப்பெற்றன.

இது எத்தகைய வேலை என்பதையும் மகளே விளக்கினாள். தமிழுக்கு 247 எழுத்துகள் என்று நாம் பள்ளியில் ஒப்பித்தோம். ஆனால் அவற்றை வரைபவர்க்கு எண்ணிக்கை பெரிதன்று. ஒவ்வோர் எழுத்தும் கொள்ளும் வடிவமே பெரிது. கு, சு, து, மு, ரு என உகரம் ஏறும்போது ஒவ்வொரு மெய்யும் தனக்கென ஒரு வளைவைக் கொள்கிறது. ஒன்றைப் பார்த்து மற்றொன்றை வரைய இயலாது. 'கெ' என்னும் எழுத்தில் கொம்பு முன்னே நிற்கிறது. கணிப்பொறியின் நினைவிலோ ககரம் முன்னும் உயிர்க்குறி பின்னுமாக உள்ளன. 'கொ' என்றால் ககரத்தின் இருபுறமும் குறிகள் நிற்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் தனித்தனியே விதி எழுத வேண்டும். அதன் பிறகு தடிப்பும் மெலிவும், சுழிக்குள் இருக்கும் வெள்ளையும், எழுத்துக்கும் எழுத்துக்கும் இடைவெளியும் பார்க்க வேண்டும். மூன்று சுழி ணகரமும் இரண்டு சுழி னகரமும் சிறிய அளவில் ஒன்றாகத் தோன்றிவிட்டால் சொல்லே மாறிவிடும். இவை யாவும் சரியாக அமைந்துவிட்டால் படிப்பவர் எழுத்தைக் கவனிப்பதே இல்லை. பொருளை மட்டும் கண்டு மேலே சென்றுவிடுகிறார். தொழில் எவ்வளவுக்குச் சிறக்கிறதோ அவ்வளவுக்குத் தொழிலாளி மறைந்துவிடுகிறார்.

ஜோஷி 2008-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்கா சென்றிருந்தபோது காலமானார். அதைக் கேட்டபோது நம் மனம் கணக்குப் போட்டது. 2003 முதல் 2008 வரை ஐந்தாண்டுக் காலம் அவரும் நாமும் ஒரே நகரத்தில் வாழ்ந்திருக்கிறோம். பவாய் வழியே பேருந்தில் எத்தனையோ முறை சென்றிருக்கிறோம். ஊரிலிருந்த தாயாருக்கு அந்நாளில் நாம் அச்செடுத்து அனுப்பிய கடிதங்கள் எல்லாம் லதா எழுத்திலேயே சென்றன. மொழியை உயிர் என்று மேடைதோறும் முழங்கும் நம்மில் எவரும் சென்று அவருக்கு ஒரு வணக்கம் சொன்னதில்லை.

2010-ஆம் ஆண்டு ஜூலையில் ரூபாய்க்குரிய குறியீட்டை மத்திய அமைச்சரவை ஏற்றபோது, அதனை வடிவமைத்த உதயகுமார் தமிழர் என்றறிந்து சங்கத்தில் இனிப்பு வழங்கினோம். அவர் பயின்றதும் ஜோஷி கற்பித்த அதே வடிவமைப்பு மையத்தில்தான். உதயகுமாரை நாம் போற்றியது முற்றிலும் தகும். ஆயினும் நம்மவர் என்பதால் ஒருவரைக் கொண்டாடினோமே அன்றி, அத்தொழிலை மதித்துக் கொண்டாடினோமா என்னும் ஐயம் இப்போது எழுகிறது.

பிற நாட்டார் இதில் முந்தியிருக்கின்றனர். அமெரிக்காவின் வரைகலைக் கழகம் 1914-இல் தோன்றி, 1920 முதலே இத்துறைப் பெரியோர்க்குப் பதக்கம் வழங்கி வருகிறது. நம் நாட்டில் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்புக் கழகத்தை வளர்த்த முன்னோடிகளுள் ஒருவரான தசரத் படேலுக்கு 2011-இல் பத்மபூஷண் அறிவிக்கப்பட்டது. அவரோ அதற்குச் சில வாரங்கள் முன்னரே மறைந்துவிட்டார். பெருமை வந்து சேர்ந்தபோது பெறுவதற்கு ஆளில்லை.

இங்கே இன்னொருவரையும் நினைக்கத் தோன்றுகிறது. நமது அரசியலமைப்புச் சட்டத்தின் ஆங்கில மூலப் படியைத் தம் கையாலேயே எழுதியவர் பிரேம் பிஹாரி நாராயண் ராய்ஜாதா. ஓவியங்களால் அதனை அணிசெய்தவர்கள் நந்தலால் போசும் அவருடைய சாந்திநிகேதன் மாணாக்கரும். ராய்ஜாதா கூலி ஏதும் வேண்டாமென்றார். அதற்கு ஈடாக அவர் கேட்டது, பக்கந்தோறும் தம் பெயரும், இறுதிப் பக்கத்தில் பெயரோடு தம் பாட்டனார் பெயரும் இருக்க வேண்டும் என்பதே. அரசாங்கமும் அதற்கு இசைந்தது. ஒரு நாட்டின் தலையாய ஆவணத்தில் எழுதியவன் பெயருக்கு இடமிருந்தது.

இதைப் படித்த அன்றுதான் நாம் மறந்திருந்த ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வந்து நெஞ்சைச் சுட்டது. 2006-ஆம் ஆண்டில் சங்கக் கட்டிடத்துக்கு வெள்ளையடித்துப் பெயர்ப்பலகையைப் புதிதாக எழுதச் செய்தோம். நாம் அப்போது புதிதாகப் பொறுப்பேற்ற துணைச் செயலாளர். அண்ணாச்சி மூன்று நாள் சாரத்தில் நின்று எழுதினார். எழுதி முடித்ததும் வலப்புறக் கீழ் மூலையில், அரை அங்குல உயரத்தில் தம் பெயரை இட்டார். நாம் கீழிருந்தவாறே, "சங்கப் பலகையில் தனியாள் விளம்பரம் கூடாது, அதை அழித்துவிடுங்கள்" என்றோம். அவர் நம்மை ஒருமுறை பார்த்தார். பிறகு துணியை டர்பன்டைனில் நனைத்து அப்பெயரைத் துடைத்தார். பேசிய கூலியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அடுத்த ஆண்டும் மலருக்கு முகப்பெழுத்து எழுதித் தந்தார், ஆனால் பெயரிடவில்லை. அதற்கு அடுத்த ஆண்டும் அப்படியே.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகளையும் அழைத்துக்கொண்டு அவர் குடியிருக்கும் சால் வீட்டுக்குச் சென்றோம். எழுபதைக் கடந்தவர், கண்ணில் அறுவை செய்துகொண்டிருந்தார். ஃபிளெக்ஸ் பலகைகள் வந்தபின் வேலை குறைந்துபோய்ச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. தேநீர் தந்து உபசரித்தார். நாம் கொண்டுசென்ற சங்க அறிவிப்பை விளக்கருகே பிடித்துப் பார்த்தார். மகள் ஜோஷியைப் பற்றி அவரிடம் கூறினாள்.

"அவருக்குத் தமிழ் தெரியுமாம்மா?" என்று கேட்டார்.

"அது எனக்குத் தெரியாது தாத்தா. அவர் தாய்மொழி மராத்தி."

"மொழி தெரியணும்னு இல்லம்மா, சுழி தெரிஞ்சாப் போதும். நான் இந்த ஊர்ல எத்தனை மராத்திப் போர்டு எழுதியிருக்கேன்!" என்று சிரித்தார். மறுபடியும் தாளைப் பார்த்துவிட்டு, "மூணு சுழி ணாவுக்கும் ரெண்டு சுழி னாவுக்கும் நல்லா வித்தியாசம் வச்சிருக்காரு. கெட்டிக்காரர்" என்றார்.

பேச்சு பழைய காலத்துக்குத் திரும்பியது. 1978-இல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை பிறப்பித்த பின்னும் அவர் இங்கே நெடுநாள் தும்பிக்கை வைத்த பழைய லையையே எழுதி வந்தாராம். ஊரிலிருந்து புதிதாக வந்த பிள்ளைகள் அதைப் படிக்கத் தயங்குவதைக் கண்ட பிறகே கையை மாற்றிக்கொண்டாராம். "பழகின கையை மாத்துறது கஷ்டம் தம்பி. ஆனா படிக்கிறவனுக்குத்தானே போர்டு?" என்றார்.

அப்போதுதான் நாம் 2006-ஆம் ஆண்டு நிகழ்ச்சியை எடுத்துச் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். அவர் மறந்திருப்பார் என்று உள்ளூர நம்பியிருந்தோம். அவர் மறக்கவில்லை. "பேரு போடுறது விளம்பரத்துக்கு இல்ல தம்பி. எழுத்துல தப்பு இருந்தா யாரைக் கேக்கணும்னு நாலு பேருக்குத் தெரியணும்ல, அதுக்குத்தான்" என்று மட்டும் கூறினார். வேறொன்றும் சொல்லவில்லை. நம் மகள் நிமிர்ந்து நம்மைப் பார்க்காமல் தேநீர்க் கோப்பைகளை எடுத்து வைத்தாள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் நமது மறுப்பை நாமே திரும்பப் பெற்றுக்கொண்டு, அண்ணாச்சியின் பெயரை முன்மொழிந்தோம். அனைவரும் ஏற்றனர். விழாவில் அவருக்குப் பொன்னாடை போர்த்தப்பட்டது, பாராட்டிதழும் வழங்கப்பட்டது. பாராட்டிதழை வாங்கியதும் அவர் முதலில் செய்தது, அதன் எழுத்துகளைக் கண்ணருகே வைத்துப் பார்த்ததுதான். அதன் எழுத்தை அமைத்தவள் நம் மகள். "இடைவெளி நல்லா இருக்கு" என்று அவளிடம் சொன்னார். அவள் படிப்பைப் பற்றி நாம் பிறகு எதுவும் பேசுவதில்லை.

சாதனையாளரைப் பாராட்டுவது என்றால் பொன்னாடையும் மாலையும் என்றே நாம் பழகியிருக்கிறோம். அவையும் வேண்டுவனவே. ஆனால் வரைகலைஞர்க்குச் செய்யத்தக்க முதல் மரியாதை அதனினும் எளிது: அவர் செய்த வேலையின் கீழ் அவர் பெயரை இருக்கவிடுவது. நம் இல்லத் திருமண அழைப்பிதழாயினும், கடைப் பலகையாயினும், நூலின் அட்டையாயினும், இதை வரைந்தவர் யார் என்று ஒருமுறை கேட்டறிவதற்குச் செலவு ஏதுமில்லை.

சங்கத்தின் பெயர்ப்பலகை பொங்கலுக்கு முன் மீண்டும் எழுதப்பெற்றது. சாரத்தில் ஏற இயலாமையால் பலகையைக் கீழே இறக்கிவைத்து அண்ணாச்சி ஐந்து நாள் எழுதினார். வலப்புறக் கீழ் மூலையை அவர் வெறுமையாக விட்டு எழுந்தபோது, நாம் தூரிகையை அவர் கையில் திரும்பக் கொடுத்தோம். இம்மலரின் முகப்பெழுத்தும் அவருடையதே. அன்பர்கள் உட்புறம் செல்லுமுன் அட்டையை ஒருமுறை திருப்பிப் பார்க்க வேண்டுகிறோம். இம்முறை அங்கே அவர் பெயர் அச்சாகியிருக்கிறது.