இழந்த நிமிடங்கள்

2021 ஜூலை 25 அன்று, டோக்கியோ ஒலிம்பிக்கின் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் தகுதிச்சுற்றில், மனு பாக்கரின் கைத்துப்பாக்கி நடுவிலே பழுதாயிற்று. சரிசெய்து திரும்பியபோது, 36 நிமிடங்களில் 44 குண்டுகள் சுட வேண்டியிருந்தது. 575 புள்ளிகள் பெற்றும், 2 புள்ளிகளில் இறுதிச்சுற்று கைநழுவியது.

சுடுகிறவரின் கண் இலக்கின்மேல் அல்ல, துப்பாக்கியின் முன்குறியின்மேல் நிலைத்திருக்க வேண்டும். தூரத்து இலக்கு மங்கலாகவே தெரியும். அப்படியே குறிபார்த்து, 2024-இல் பாரிஸில் அவர் 2 வெண்கலப் பதக்கங்களை வென்றார்.

நோயினாலோ கடனினாலோ ஆண்டுகளை இழந்தவர்களே, போன நிமிடங்களை எண்ணிக் கலங்காதிருங்கள். நாளைய தினம் மங்கலாகவே இருக்கட்டும். இன்று கையிலிருக்கும் ஒன்றைச் செம்மையாய்ச் செய்யுங்கள். கர்த்தர் உங்கள் கரங்களைத் திடப்படுத்துவாராக.