கோல்மில் இறங்கும் ஆசிரியர்கள்

போட்ஸ்டாம், ஜெர்மனி



பெர்லினில் ரயில் ஏறினால் அரை மணி நேரத்துக்குள் போட்ஸ்டாம் வந்துவிடும். சான்சூசி பூங்காவையும் மன்னர் இரண்டாம் பிரெடரிக் கட்டிய புதிய அரண்மனையையும் பார்க்க வரும் கூட்டம் அங்கேயே இறங்கிவிடும். இன்னும் கொஞ்சம் மேற்கே கோல்ம் என்றொரு சின்ன நிலையம் இருக்கிறது. சுற்றுலாப் பயணிகளுக்கு அங்கே வேலையில்லை. இறங்குகிறவர்களில் பெரும்பாலோர் போட்ஸ்டாம் பல்கலைக்கழக வளாகத்துக்குப் போகிறவர்கள்.

2016 ஏப்ரலில் இந்தப் பல்கலைக்கழகம் அகதிகளாக வந்த ஆசிரியர்களுக்கென்று ஒரு பயிற்சியைத் தொடங்கியது. ஜெர்மனியில் அதுவே முதல் முயற்சி. அதற்கு முந்தைய ஆண்டு மட்டும் சுமார் 8,90,000 பேர் அடைக்கலம் தேடி அந்த நாட்டுக்குள் வந்திருந்தார்கள். அவர்களில் சிரியர்களே அதிகம். பிள்ளைகளோடு ஆசிரியர்களும் வந்திருப்பார்களே என்று யோசித்தவர்களில் ஒருவர் கல்வி ஆய்வுப் பேராசிரியர் மிரியம் ஃபோக். அறிவிப்பு வந்ததும் விண்ணப்பங்கள் நூற்றுக்கணக்கில் குவிந்தன. இடங்களோ கொஞ்சம்.

முதல் வேலை மொழி. கடையில் பேச உதவும் ஜெர்மன் வகுப்பறைக்குப் போதாது. சி1 என்ற உயர்நிலையை எட்ட வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் தினமும் பாடம், பிறகு கற்பித்தல் முறை, பிறகு பள்ளியில் உட்கார்ந்து கவனிப்பது. மொழிக்கு எடுத்த நேரம் போதவில்லை என்று தெரிந்ததும் பயிற்சிக் காலத்தையே நீட்டினார்கள்.

சில இடங்களில் அரபி கைகொடுத்தது. நாற்பத்தைந்து என்பதை ஜெர்மானியர் 'ஐந்தும் நாற்பதும்' என்று தலைகீழாகச் சொல்வார்கள். தமிழர் தடுமாறும் அந்த இடத்தில் சிரியக் கணக்கு ஆசிரியர் நிமிர்ந்து நடப்பார். அரபியிலும் அதே வரிசைதான்.

புத்தகத்தில் இல்லாதவைதான் கஷ்டம். விடைத்தாளில் 1 போட்டால் மிக நன்று, 6 போட்டால் தோல்வி. மாணவர் வகுப்பில் வாய் திறந்து பேசுவதற்கும் மதிப்பெண் உண்டு. ஆசிரியர் சொன்னதை ஒரு பதின்வயதுப் பிள்ளை மறுத்துப் பேசினால் அது மரியாதைக்குறைவு ஆகாது, பாடத்தில் பங்கெடுப்பதாகவே கொள்ளப்படும். சிரியாவில் 'ஆனிஸா' என்றோ 'உஸ்தாத்' என்றோ பிள்ளைகள் கூப்பிடுவார்கள், நம் ஊர் 'டீச்சர்', 'சார்' மாதிரி. இங்கே திருமதி இன்னார், திரு இன்னார் என்று குடும்பப் பெயர் சொல்லித்தான் அழைப்பார்கள். கேட்கிற காதுக்கு முதல் வாரம் அது உறைக்கும். இதெல்லாம் எந்தச் சுற்றறிக்கையிலும் வராது. ஸ்டாஃப் ரூமில் பக்கத்து நாற்காலிக்காரர் சொன்னால்தான் உண்டு.

மொழியைத் தாண்டினாலும் சட்டம் குறுக்கே நின்றது. ஜெர்மனியில் பொதுவாக ஆசிரியர் இரண்டு பாடங்கள் படித்திருக்க வேண்டும். சிரியாவில் கணக்கு ஆசிரியருக்குக் கணக்கு மட்டும், ஆங்கில ஆசிரியருக்கு ஆங்கிலம் மட்டும். பத்து, பதினைந்து ஆண்டு அனுபவம் இருந்தும் அந்த இரண்டாவது பாடம் இல்லாத குறை பெரிய மதிலாக எழுந்தது. பயிற்சி முடித்தவர்களில் பலர் துணை ஆசிரியராகத்தான் பள்ளிக்குள் கால் வைத்தார்கள். வகுப்பையே தோளில் சுமந்தவர் வகுப்பின் ஓரத்தில் நிற்பது எவ்வளவு பெரிய இழப்பு! அதுவும் ஆசிரியர் பற்றாக்குறையில் தவிக்கும் நாட்டில். அந்தப் பற்றாக்குறைதான் கடைசியில் சட்டத்தையும் அசைத்தது. ஒரு பாடம் மட்டும் படித்தவர்களும் ஆசிரியராகலாம் என்று 2024 மார்ச்சில் மாநிலக் கல்வி அமைச்சர்கள் மாநாடு வழிவிட்டது. கல்வி மாநிலங்களின் கையில் இருப்பதால் அது எங்கே எவ்வளவு வேகமாக நடைமுறைக்கு வரும் என்பது ஒவ்வொரு மாநிலத்தையும் பொறுத்தது.

இந்தப் பயிற்சி கோல்மில் தொடங்கியதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. 1990 வரை இந்த வளாகத்தில் கிழக்கு ஜெர்மனியின் ரகசியப் போலீஸ் தன் அதிகாரிகளைப் பயிற்றுவித்தது. அந்த நாடு மறைந்தபோது அதன் பள்ளி ஆசிரியர்கள் ஊரைவிட்டு ஓரடி நகராமலே வேறொரு பள்ளி முறைக்குள் வந்து சேர்ந்தார்கள். எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து படித்த பத்தாண்டுப் பள்ளி கலைந்தது. அரசியல் போதித்த குடிமைப் பாடம் போனது. ஐந்தாம் வகுப்பிலிருந்து கட்டாயமாக இருந்த ரஷ்ய மொழி விருப்பப் பாடங்களில் ஒன்றாகச் சுருங்கியது. ரஷ்யன் சொல்லிக்கொடுத்த பலர் மீண்டும் மாணவராக உட்கார்ந்து ஆங்கிலம் போன்ற வேறு பாடங்களைப் படித்துத் தேறினார்கள். நேற்றுவரை கற்றுக்கொடுத்தவர் இன்று கற்றுக்கொள்ளும்போது முகம் எப்படிச் சுருங்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

அந்தத் தலைமுறையில் கடைசியாக எஞ்சியவர்களும் இப்போது ஓய்வு பெற்றுக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் போவதற்குள் பள்ளிகள் ஒன்று செய்யலாம். புதிதாக வந்தவருக்கும் அவர்களில் ஒருவருக்கும் வாரம் ஒரு பிற்பகலைக் கால அட்டவணையிலேயே ஒதுக்கி, அதையும் சம்பள நேரமாகக் கணக்கிடலாம். நல்லெண்ணத்தை மட்டும் நம்பினால் மணி அடித்ததும் அவரவர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். ஒரு மேசை, அதன் மேல் ஒரு கட்டு விடைத்தாள், ஒரு பக்கம் பழைய ரஷ்ய ஆசிரியை, எதிரே அலெப்போவிலிருந்து வந்தவர். '1 என்றால் நல்லது' என்று முதல் நாள் ஆசிரியை சொல்லித்தர வேண்டியிருக்கும். அடுத்த வாரம் அலெப்போக்காரர் கேட்பார்: 'உங்களுக்கு அப்போது யார் சொல்லித்தந்தார்கள்?'

அடுத்த கடிதம் பெர்லினிலிருந்து.