தரங்கம்பாடிக் கரையில் வலகடியன்

தரங்கம்பாடி போகிறவர்கள் 1620-ல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டையைப் பார்க்காமல் வரமாட்டார்கள். காலையில் வலை உதறும் இடத்துக்கும் போய் வாருங்கள். மீனோடு சில நாள் சாம்பல் நிறப் பாம்பும் விழும். வால் துடுப்புப் போலத் தட்டை. “பிள்ளையைக் கிட்ட விடாதீங்கம்மா, செத்த மாதிரி கிடக்கும், கடிச்சிரும்” என்பார்கள்.

இதுதான் வலகடியன். பெயரிலேயே வலையும் கடியும் இருக்கிறதல்லவா! 1803-ல் டோடன் என்ற பிரெஞ்சு அறிஞர் இதை ‘ஹைட்ரோபிஸ் ஷிஸ்டோசஸ்’ என்றார். 1827-ல் போயி என்பவர் நம் தமிழ்ப் பெயரையே விஞ்ஞானப் பெயராக்கினார். முந்திய பெயருக்கே முதலிடம் என்பது விதி. அதனால் அது நிற்கவில்லை. பிறகு ‘என்ஹைட்ரினா’ என்று தனிக்குடித்தனம் வைத்தார்கள். மரபணு ஆராய்ச்சி 2013-ல் பிறந்த வீடான ஹைட்ரோபிஸுக்கே திருப்பி அனுப்பியது. குடும்பமோ நல்ல பாம்பின் குடும்பம்!

கடித்த இடம் அதிகம் வலிக்காது, வீங்காது. நேரம் கழித்துத்தான் உடம்பெல்லாம் வலி, சிறுநீர் கறுத்துப் போகும். ஆகவே தாய்மார்களே, “ஒண்ணுமில்லே” என்று வீட்டுக்கு அழைத்துப் போகாதீர்கள். கீறாமல், உறிஞ்சாமல், நடக்க விடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போங்கள்.